கையில் இருக்கும் ஏடு, கூட நடக்கும் ஆள்

(பொறியியல் மாணவர்களும் தமிழ் மாணவர்களும் கூடியிருந்த கல்லூரி அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் ஒரே அரங்கில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேச வந்த விஷயத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும். இயந்திரங்களோடும் மென்பொருள்களோடும் பெட்டிக்குள் வருகிறதே ஒரு புத்தகம், அதை எழுதுவதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை. அந்தப் புத்தகத்தை ஒருவர் மேனுவல் என்பார், இன்னொருவர் கைடு என்பார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. அந்த வேறுபாட்டை என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து சொல்லத் தொடங்குகிறேன்.

எங்கள் பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. வீட்டிலேயே சுகர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேரன் ஒரு மெஷின் வாங்கி அனுப்பியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, "சுகர் பார்த்தீங்களா பெரியம்மா?" என்று கேட்டேன். "பார்த்தேன்டா தம்பி. நம்பர் ஒண்ணும் வரலை. ஹாய்னு சொல்லுது. நேத்தும் அதான் சொல்லுச்சு. நல்லாத்தான் இருக்கு போல" என்றார்.

எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்து தெரியும். தினமும் பேரப்பிள்ளைகள் போனில் அனுப்பும் ஹாய் அவருக்குப் பழக்கம். மெஷினின் சின்னத் திரையில் எச், ஐ என்ற இரண்டு எழுத்துகள் வந்ததும் அது தனக்கு வணக்கம் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார். அந்த எழுத்துகளுக்குப் பொருள் வேறு. ரத்தச் சர்க்கரை, கருவியால் அளந்து சொல்லக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பெரும்பாலான கருவிகளில் அந்த எல்லை ஒரு டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராம். அன்று மதியத்துக்குள் பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று நாள் இருந்தார். நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

அவர் வீடு திரும்பிய அன்று மெஷின் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு காகிதப் பொருள்கள் இருந்தன. ஒன்று, நான்காக மடித்த ஓர் அட்டை. அதில் ஆறு படங்கள். கை கழுவு, ஸ்ட்ரிப்பைச் செருகு, விரலின் ஓரத்தில் குத்து, ரத்தத்துளியை ஸ்ட்ரிப்பின் முனையில் தொடு, காத்திரு, எண்ணைப் படி. மற்றொன்று, பொடி எழுத்தில் தடியான ஒரு புத்தகம். அதன் பின்பகுதியில் ஓர் அட்டவணை. திரையில் வரக்கூடிய ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு குறிக்கும், பொருள் என்ன, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. எச், ஐ என்ற எழுத்துகளுக்கும் அங்கே ஒரு வரி இருந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, புது ஸ்ட்ரிப்பில் மறுபடி சோதிக்கவும். மீண்டும் அதுவே வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று.

பெரியம்மா அட்டையைப் பார்த்திருந்தார். அட்டை சொன்னபடி பிசகில்லாமல் செய்திருந்தார். தடிப் புத்தகத்தின் உறை பிரிக்கப்படவே இல்லை. பிரித்திருந்தாலும் அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

அட்டை ஒரு கைடு. தடிப் புத்தகம் ஒரு மேனுவல். ரத்தம் பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு அட்டை பதில் சொன்னது. திரையில் வந்திருப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்விக்குப் பதில் புத்தகத்தில் இருந்தது. முதல் கேள்வி வேலையைத் தொடங்கும்போது வருவது. இரண்டாவது கேள்வி வேலை பாதியில் நிற்கும்போது வருவது. கேள்விகள் வேறு, கேட்கும் நேரமும் வேறு. அந்த நேரத்தில் கேட்பவரின் மனநிலையும் வேறு. மேனுவலுக்கும் கைடுக்கும் உள்ள வேறுபாடெல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

சொற்களையே கொஞ்சம் பார்ப்போம். மேனுவல் என்ற சொல் கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய கையேடும் கையோடு ஒட்டிய ஏடுதான். கைடு என்பதற்கு நாம் சொல்வது வழிகாட்டி. முன்னால் நடந்து வழி காட்டுகிற ஆள். ஒன்று கையில் இருக்கிற ஏடு. அதை நாம் புரட்ட வேண்டும். மற்றது நம்மோடு நடக்கிற ஆள். அவர் பின்னால் நாம் போனால் போதும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் கைடு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகம் ஒன்று, கோனார் தமிழ் உரை ஒன்று என்று இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு போன தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் செய்யுள் முழுதாக இருக்கும். கோனார் உரை அந்தச் செய்யுளுக்கு அருகில் உட்கார்ந்து பதம் பிரித்து, பொருள் சொல்லி, தேர்வில் எப்படி எழுதுவது என்பது வரை கூட்டிக்கொண்டு போகும். பாடப்புத்தகம் இல்லாமல் கோனார் இல்லை. கோனார் இல்லாமல் பாடப்புத்தகம் பலருக்குத் திறக்கவில்லை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தொழில் உலகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். "மேனுவல்தான் கொடுத்துவிட்டோமே" என்கிறார்கள், அல்லது "கைடு போதும்" என்கிறார்கள். நான் உட்கார்ந்த கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்ட வாக்கியங்கள் இவை.

பெயரைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் உறையில் என்ன பெயர் போட வேண்டும் என்பதற்கு ஊரறிந்த ஒரே விதி கிடையாது. ஒரு நிறுவனம் 300 பக்கப் புத்தகத்துக்குக் கைடு என்று பெயர் வைக்கும். இன்னொன்று இரண்டு பக்கத் தாளை மேனுவல் என்று அழைக்கும். கனரக இயந்திரத் துறையில் பாதுகாப்பு, நிறுவுதல், இயக்குதல், பராமரிப்பு, பழுது என்று எல்லாம் அடங்கியதை மேனுவல் என்பார்கள். மென்பொருள் துறையில் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவதைக் கைடு என்பது வழக்கம். பெயர் மாறலாம், வேலை மாறாது. மென்பொருள் பயனர் ஆவணங்களுக்காக ஐட்ரிபிள்இ அமைப்பு வெளியிட்ட 1063 என்ற தரமும் கற்பிக்கும் முறை, தேடிப் பார்க்கும் முறை என்று இரண்டாகவே பிரித்தது. உறையில் இருக்கிற பெயரை விட்டுவிடுங்கள். உள்ளே ஒவ்வொரு பக்கமும் இந்த இரண்டில் எந்த வேலையைச் செய்கிறது என்று கேளுங்கள்.

இந்தப் பிரிவு கணினி வந்த பிறகு பிறந்தது என்று நினைக்க வேண்டாம். 600 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தகப்பன் தன் பத்து வயது மகனுக்கு எழுதிய புத்தகத்தில் இது இருக்கிறது. தகப்பன் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர். மகன் பெயர் லூயிஸ். ஆண்டு 1391. புத்தகம் அஸ்ட்ரோலேப் என்ற கருவியைப் பற்றியது. அது சூரியனும் விண்மீன்களும் இருக்கும் உயரத்தைக் கொண்டு நேரத்தையும் திசையையும் கண்டுபிடிக்கிற பித்தளைத் தட்டு. ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகைக்குப் பொருந்தும்படி செய்த ஒன்றை மகனிடம் கொடுத்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சாசர் எழுதினார். பையனுக்கு லத்தீன் அதிகம் வராது என்பதால் ஆங்கிலத்தில் எழுதினார். கற்றவர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் கருவியின் புத்தகத்தைத் தாய்மொழியில் எழுதியவர் அவர்.

அந்தப் புத்தகத்தின் அமைப்பைப் பாருங்கள். ஐந்து பகுதி எழுதத் திட்டமிட்டார். நமக்குக் கிடைத்திருப்பவை முதல் இரண்டும்தான். முதல் பகுதி கருவியைச் சொல்கிறது. வலது கைக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் வளையத்தில் தொடங்கி, ஒவ்வொரு உறுப்பாக, ஒவ்வொரு கோடாகப் பெயர் சொல்லி, அது எங்கே இருக்கிறது, என்ன காட்டுகிறது என்று போகிறது. இரண்டாம் பகுதி வேலைகளைச் சொல்கிறது. இன்று சூரியன் ராசிச் சக்கரத்தில் எந்தப் பாகையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் தொடங்கி, ஒரு வேலைக்கு ஓர் இயல் என்று செல்கிறது. முதல் பகுதி மேனுவல். இரண்டாம் பகுதி கைடு. இரண்டையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்தார், ஆனால் கலக்கவில்லை.

முன்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார். குழந்தை ஒரு நல்ல கருத்தை ஒரு முறை மறந்துவிடுவதைவிட, தான் அதை இரண்டு முறை எழுதுவது மேல் என்கிறார். எங்கள் தொழிலில் மேனுவலில் ஒரு செய்தி ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால், நாளை ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவோம். கைடில் அப்படி இல்லை. நடப்பவருக்கு எங்கே தேவையோ அங்கெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும். "ஐந்தாம் பக்கத்தைப் பார்க்கவும்" என்று வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிற வழிகாட்டி, வழிகாட்டி ஆகமாட்டார்.

கணினித் துறைக்கு வருவோம். 1971 நவம்பர் 3 என்ற தேதியிட்டு, பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான மேனுவலின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அதே தலைப்புகள், அதே வரிசையில். கட்டளையின் பெயர், அதை எழுதும் வடிவம், விளக்கம், அது தொடும் கோப்புகள், தொடர்புடைய பக்கங்கள், பிழைச் செய்திகள், அதன் குறைகள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எது எங்கே இருக்கும் என்று கண் முன்பே அறிந்திருக்கும். குறைகளுக்கென்றே ஒரு தலைப்பு வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். தன் பொருளில் என்ன சரியில்லை என்பதைத் தயாரித்தவரே நிலையான ஓரிடத்தில் எழுதி வைப்பது ஓர் அறம்.

ஆனால் புதிதாக வந்த ஒருவர் அந்தப் பக்கங்களை முதலிலிருந்து படித்தால் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார். அகராதியைப் படித்து யாரும் பேசக் கற்பதில்லை. இது அங்கே இருந்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் முதல் தொகுதி கட்டளைப் பக்கங்களாகவும், இரண்டாம் தொகுதி விளக்கக் கட்டுரைகளாகவும் இருந்தன. பிரையன் கெர்னிகன் தொடக்கநிலையாளர்களுக்காக எழுதிய அறிமுகம் அந்த இரண்டாம் தொகுதியில் இருந்தது. கணினி முன் உட்கார்ந்து முதலில் உள்ளே நுழைவது எப்படி, ஒரு கோப்பை உண்டாக்குவது எப்படி, அடுத்து என்ன என்று அது கூடவே வந்தது. அதே இயங்குதளம், அதே கட்டளைகள். ஒன்றில் பொருளின் வரிசை, மற்றதில் மனிதரின் வரிசை.

மேனுவலில் ஒரே ஒரு வரி இல்லாமல் போனால் என்ன ஆகும்? மிகுந்த வருத்தத்தோடு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இயந்திரம். கனடாவில் தயாரானது. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில், சிகிச்சைக்கு விவரங்களை உள்ளிட்ட பணியாளர் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து, கண்டுகொண்டு, உடனே திருத்தினார். பிறகு சிகிச்சையைத் தொடங்கும் விசையை அழுத்தினார். இயந்திரம் நின்றது. திரையில் "கோளாறு 54" என்று வந்தது.  அந்த இயந்திரத்தில் இப்படிச் செய்திகள் வருவதும், தொடர்க என்ற விசையை அழுத்தினால் வேலை தொடர்வதும் அன்றாட வழக்கம். அவர் தொடர்க என்று அழுத்தினார். உள்ளே படுத்திருந்த நோயாளியின் உடலில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்திருந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அப்படியே நடந்தது. அவரும் இறந்தார். 1985-க்கும் 1987-க்கும் இடையில் இந்த இயந்திரத்தால் நேர்ந்ததாக அறியப்பட்ட விபத்துகள் ஆறு.

மூல காரணம் மென்பொருளில் இருந்த பிழையும், அந்தப் பிழையைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டதும்தான். அதை மறைத்து மேனுவல் மேல் பழி போட நான் வரவில்லை. ஆனால் நான்சி லெவெசனும் கிளார்க் டர்னரும் இந்த விபத்துகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது. இயக்குபவருக்குக் கொடுத்த மேனுவலில் கோளாறு எண்களுக்கு விளக்கமே இல்லை. 54 என்றால் என்ன, அது சின்ன விஷயமா, நோயாளியின் உயிரா, தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்று பார்க்க அதில் ஒரு வரி கிடையாது. அந்தப் பணியாளருக்கு வேலை தெரியும். தினமும் செய்கிற வேலை. எத்தனை நல்ல கைடு கொடுத்திருந்தாலும் அந்தக் கணத்தில் அவருக்கு உதவியிருக்காது. அவருக்கு வேண்டியிருந்தது ஓர் அட்டவணையில் ஒரு வரி.

பெரியம்மாவின் திரையில் வந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 54 நினைவுக்கு வரும். இயந்திரம் ஏதோ சொல்லிவிட்டது, மனிதர் அதன் முன் நிற்கிறார். டைலரில் அதற்கான விளக்கம் மேனுவலில் எழுதப்படவே இல்லை. எங்கள் வீட்டில் எழுதப்பட்டிருந்தது, போய்ச் சேரவில்லை.

எதிர்ப்பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் கைடுக்குள் மேனுவலைக் கொண்டுவந்து கொட்டுவது அது. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரலும் அவருடைய குழுவினரும், கணினியில் தட்டச்சு செய்யப் புதிதாகக் கற்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். நிறுவனம் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தை வரிசையாகப் படித்தவர்கள் குறைவு. பெரும்பாலானோர் இரண்டு பக்கம் புரட்டியதும் கருவியில் கை வைத்தார்கள். தாவினார்கள், தவறினார்கள், தவறிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். அந்தக் குழு வேறு மாதிரி ஒரு சிறு புத்தகத்தை எழுதிப் பார்த்தது. முன்னுரைகளை வெட்டியது. உடனே செய்யத்தக்க உண்மையான வேலையில் தொடங்கியது. தவறு நேரக்கூடிய இடங்களிலேயே மீளும் வழியையும் சொன்னது. சிறிய புத்தகத்தில் படித்தவர்கள் விரைவாகக் கற்றார்கள். கேரல் 1990-இல் இதைப் பற்றி எழுதிய நூலுக்கு நியூரம்பெர்க் புனல் என்று பெயர் வைத்தார். தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்பது ஜெர்மனியில் வழங்கும் ஒரு பழங்கதை. அப்படி ஊற்ற முடியாது என்பதுதான் நூலின் சாரம். மனிதர் படித்துவிட்டுச் செய்வதில்லை, செய்துகொண்டே படிக்கிறார். கைடு எழுதுகிறவர் அவரைத் திருத்த முயலக் கூடாது. அவர் போகிற வேகத்தில் கூடப் போக வேண்டும்.

எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளை எடுத்துக்கொள்வோம். பிரஷர் குக்கரோடு ஒரு சிறு புத்தகம் வரும். அதில் ஒரு பக்கத்தில் கேஸ்கெட், வெயிட், ஆவிக்குழாய், சேஃப்டி வால்வ் என்று உறுப்புகளின் படம் இருக்கும். வெயிட் ஆவியைப் பிடித்துவைப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, தண்ணீர் 120 டிகிரி வரை போய்க் கொதிக்கிறது. ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் வற்றிவிட்டாலோ சேஃப்டி வால்வில் இருக்கும் உலோகம் உருகி ஆவியை வெளியே விடுகிறது. இது மேனுவலின் பேச்சு. இன்னொரு பக்கத்தில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும் முறை இருக்கும். அது கைடின் பேச்சு. ஆவிக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை எங்கே எழுதுவது? இரண்டு இடத்திலும். உறுப்பை விளக்கும் பக்கத்திலும் வேண்டும். பருப்பையும் தண்ணீரையும் ஊற்றியாயிற்று, மூடியைக் கையில் எடுத்தாயிற்று என்கிற படிக்கு நேர் முன்னாலும் வேண்டும். ஓரிடத்தில்தான் எழுத வேண்டும் என்று சொன்னேனே, எச்சரிக்கைக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது.

எச்சரிக்கை வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84-ஆம் பிரிவில், பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளர் எப்போது பொறுப்பாவார் என்று பட்டியலிடுகிறது. தீங்கைத் தடுக்கும் வகையில் சரியான பயன்பாட்டைப் பற்றிப் போதிய அறிவுறுத்தல் இல்லாமல் போவதும், தவறான பயன்பாட்டைப் பற்றிய எச்சரிக்கை இல்லாமல் போவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அறிவுறுத்தலும் எச்சரிக்கையும் பொருளோடு இணைப்பாக வரும் சலுகைகளல்ல, பொருளின் பகுதி. நட்டு கழன்றிருந்தால் எப்படிக் குறையோ, பக்கம் விடுபட்டிருந்தாலும் அப்படிக் குறை.

தமிழ் படிக்கும் பிள்ளைகளிடம் இப்போது பேசுகிறேன். இது உங்கள் வேலை என்று நான் நம்புவதற்குக் காரணம் நம் மொழியின் வாக்கியம். ஆங்கிலத்தில் அறிவுறுத்தல் எழுதக் கற்பவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது, நிபந்தனையை முன்னால் போடு, செயலைப் பின்னால் போடு என்பது. தமிழ் இயல்பாகவே அப்படித்தான் பேசும். "ஆவி முழுதும் அடங்கிய பிறகு மூடியைத் திறங்கள்." "கருவியை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றுங்கள்." எது முதலில் நடக்க வேண்டுமோ அது வாக்கியத்தில் முதலில் வருகிறது. வினையெச்சம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்து வினைமுற்றில் நிற்கிறது. கைடு எழுதுவதற்கென்றே செய்து வைத்தது போன்ற மொழி. ஆனால் பெட்டிக்குள் வரும் தமிழைப் படித்துப் பாருங்கள். "மூடியைத் திறக்கவும், ஆவி அடங்கிய பின்பு" என்று இருக்கும். பாதி வாக்கியத்தைப் படித்ததும் கை மூடிக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் கிட்ட வைத்துப் பாருங்கள். நம் அச்சுத் தமிழில் அறிவுறுத்தல் என்றால் செய்யவும், அழுத்தவும், செருகவும் என்ற வடிவம்தான் பழக்கம். அதே வடிவத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. நான் ஒரு முறை அச்சுப்படியில் திருத்திய வரி இது: "கருவியைத் தண்ணீரில் நனைக்கவும் பிரிக்கவும் கூடாது." பொருள் சரி. ஆனால் பக்கத்தில் இடம் போதாமல் "கருவியைத் தண்ணீரில் நனைக்கவும்" என்பதோடு முதல் வரி முடிந்திருந்தது. மீதி அடுத்த வரியில். அவசரத்தில் முதல் வரியை மட்டும் படிக்கிறவர் கருவியை வாளியில் போட்டுவிடுவார். அதை "நனைக்காதீர்கள். பிரிக்காதீர்கள்" என்று மாற்றினேன். அன்றிலிருந்து கைடில் நனையுங்கள், நனைக்காதீர்கள் என்று நேரே ஆளைப் பார்த்துச் சொல்லும் வடிவத்தையே எழுதுகிறேன். மேனுவலில் அந்தக் குரல் வேண்டியதில்லை. அங்கே, "மஞ்சள் விளக்கு பேட்டரி குறைந்திருப்பதைக் குறிக்கும்" என்று பொருளைப் பார்த்துச் சொன்னால் போதும். தலைப்பும் அப்படியே. மேனுவலில் தலைப்பு "பேட்டரி". கைடில் "பேட்டரி மாற்றுவது எப்படி". வந்தவர் எந்தச் சொல்லைத் தேடி வருவாரோ அதுதான் தலைப்பு.

இரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டு. அது பெயர். ஓர் உறுப்புக்கு ஒரே பெயர். கைடில் ஸ்ட்ரிப் என்றும், மேனுவலில் சோதனைப் பட்டை என்றும், பெட்டியின் மேல் வேறொன்றும் எழுதினால், அட்டையிலிருந்து புத்தகத்துக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். எந்தப் பெயர் என்று கேட்டால், மருந்துக்கடையில் போய் மக்கள் எப்படிக் கேட்கிறார்களோ அந்தப் பெயர். ஸ்ட்ரிப் என்று கேட்கிறார்கள் என்றால் ஸ்ட்ரிப்.

பொறியியல் பிள்ளைகளிடம் ஒரே வேண்டுகோள். நாளை நீங்கள் செய்யும் கருவி ஏதாவது ஒரு திரையில் எதையாவது காட்டும். அது காட்டக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். அந்தப் பட்டியலை ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள். அதுதான் மேனுவலின் உயிர். தமிழ்ப் பிள்ளைகளிடம் இன்னொரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன்னால் பயன்படுத்தப் போகிறவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் கை எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். கைடு அங்கிருந்துதான் பிறக்கும். மொழிபெயர்த்து முடிக்கிற வேலை அல்ல அது.

பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிய வாரம், ஒரு காலண்டர் அட்டையை வெட்டி, இரண்டு பக்கமும் கெட்டி எழுத்தில் தமிழில் எழுதினேன். ஒரு பக்கம், சுகர் பார்ப்பது எப்படி என்று ஆறு வரி. மறுபக்கம், திரையில் என்ன வந்தால் என்ன பொருள், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டம். முன்பக்கத்தின் கடைசி வரி, "எண் வரவில்லையா? அட்டையைத் திருப்புங்கள்." அந்த ஒரு வரிதான் பெட்டியில் விடுபட்டிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் போனபோது அட்டை சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். மறுபக்கத்துக் கட்டத்தில் நான் எழுதியது எழுதியபடியே இருந்தது. முன்பக்கத்தில் என் முதல் வரியில் "கையைக் கழுவுங்கள்" என்பதற்கு மேல் பென்சிலில் ஒரு சொல் சேர்த்திருந்தார்: வெந்நீரில். கேட்டேன். "பச்சத்தண்ணியில கழுவினா விரல்ல ரத்தமே வரமாட்டேங்குதுப்பா. ரெண்டு மூணு குத்து குத்த வேண்டியிருக்கு. இளஞ்சூடா வெந்நீர் ஊத்திக்கிட்டா ஒரே குத்துல வந்துருது" என்றார்.

சூட்டில் விரலுக்கு ரத்த ஓட்டம் கூடும் என்பது உண்மைதான். எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் பனிக்காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து நான்காவது முறை விரலைக் குத்திக்கொள்கிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுபக்கத்துக் கட்டத்தில் அவர் எதையும் சேர்க்க முடியாது. அது கருவியைச் செய்தவர்கள் முழுதாக எழுதித் தரவேண்டிய பக்கம். முன்பக்கத்தை அவர் கைதான் முடித்து வைத்தது. இப்போது நான் யாருக்கு அந்த அட்டையை எழுதிக் கொடுத்தாலும் முதல் வரியில் வெந்நீர் இருக்கிறது.